சங்கிலி இல்லாமல் பனிமலை ஏறலாமா?

விஸ்வநத்தத்தில் லோடு ஏற்றிக்கொண்டு விருதுநகர் வந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்கும் லாரி, அதை விட்டு இறங்காமலே ஸ்ரீநகர் வரை போய்விடலாம். தீபாவளிப் பட்டாசு பனிக்கு முன்பே வடக்கே போய்ச் சேர்ந்துவிடும். மார்கழியிலும் தையிலும் போகிறவை காலண்டர், டைரி, தீப்பெட்டி. அந்த நாட்களில் பனிஹால் சுரங்கத்தைத் தாண்டியதும் காசிகுண்டில் சாலை வெள்ளையாகிக் கிடக்கலாம். அங்கே நம் லாரியைக் காப்பாற்றப்போவது டயரில் மாட்டும் பழைய இரும்புச் சங்கிலிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

“லோடு இருந்தால் டயர் தரையைக் கவ்வும், சங்கிலி எதற்கு?” என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு சக்கர லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 18.5 டன், அதில் பின் அச்சின் மேல் இறங்குவது 11.5 டன். காய்ந்த தார்ச்சாலையில் ரப்பரின் பிடிப்பு, சக்கரத்தின் மேல் இறங்கும் எடையில் பத்தில் ஏழு பங்கு இருக்கும். உறைந்த பனிக்கட்டியில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. எஞ்சின் சுழற்றுவது பின் சக்கரங்களை மட்டுமே என்பதால், அங்கே முன்னே தள்ளக் கிடைக்கும் விசை 1.15 டன். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றமோ லாரியை 1.85 டன் விசையோடு பின்னுக்கு இழுக்கும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இறக்கம் இதைவிட மோசம். எல்லாச் சக்கரமும் பிரேக் பிடித்தாலும் கிடைப்பது அதே 1.85 டன்தான், சரிவும் பிடிப்பும் சமமாகிவிடுவதால், ஓடுகிற லாரி நிற்காது. லோடைக் கூட்டினால் பிடிப்போடு சேர்ந்து இழுவையும் கூடும். சங்கிலியின் கண்ணிகள் பனிக்குள் இறங்கிக் கடிப்பதால்தான் இந்தக் கணக்கு மாறுகிறது.

பட்டன் டயர் போதாதா? அதன் பள்ளங்களைப் பனி அடைத்துக்கொள்ளும். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண ரப்பரும் இறுகிவிடும். குளிர்கால டயரின் மென்மையான ரப்பர் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் தேயும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் ஓடிவிட்டு, கடைசியில் கொஞ்ச தூரம் மட்டும் பனியில் போகும் லாரிக்கு அது வீண் செலவு. சுவிட்சைத் தட்டினால் சக்கரத்தடியில் சங்கிலித் துண்டுகளை வீசும் தானியங்கிக் கருவி, ஒரே நாளில் பனிக்கும் தாருக்கும் பலமுறை மாறும் தீயணைப்பு வண்டிக்கும் பள்ளிப் பேருந்துக்கும் அருமையானது. ஆழமான பனியில் அது திணறும். டயரின் மேல் மாட்டும் துணியுறை எடை குறைவு, மாட்டுவதும் சுலபம். வெறும் தாரில் ஓடினால் கிழியும்.

சங்கிலி மாட்டுவது கடினமான வேலை என்பது நியாயமான குறை. விரல் மரத்துப்போகும் குளிரில் மண்டியிட்டு, பின் சக்கரங்களின் மேல் அதைப் போர்த்தி, உட்பக்கக் கொக்கியைத் தடவிப் பிடித்து மாட்ட வேண்டும். அதனால்தான் இங்கேயே, செட்டில் நிற்கும்போதே டிரைவரும் கிளீனரும் மாட்டிக் கழற்றிப் பழக வேண்டும் என்கிறேன். டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைப் பார்த்து வாங்குவதும் இங்கேயே முடிய வேண்டிய காரியம். “பனி கொட்டினால் போலீஸே வண்டியை நிறுத்திவிடும்” என்று இருந்துவிட முடியாது. காஷ்மீரில் பனிக்காலத்தில் சில மலைச்சாலைகளில் சங்கிலி மாட்டிய வண்டியையும் நான்கு சக்கர இழுவை வண்டியையும் மட்டுமே விடுகிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், குறிப்பிட்ட மலை நெடுஞ்சாலைகளில் 11,794 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகள் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை சங்கிலியைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

மாட்டிய பிறகு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே கூடாது. வெறும் தாரில் ஓட்டினால் கண்ணி தேய்ந்து அறுந்து, மட்கார்டையும் பிரேக் ஹோஸையும் அடித்துக் கிழிக்கும். கல்லில் உரசும் இரும்பு பொறி பறக்கவிடும் என்பதை, மருந்துக் கலவை அறைக்குள் இரும்புக் கருவியை விடாத ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏற்றியிருப்பது தீப்பெட்டி என்றால், தார் தெரிந்ததும் ஓரங்கட்டிக் கழற்றிவிட வேண்டும், அடுத்த வளைவில் மறுபடி பனி இருந்தாலும் சரி.