மாடல் 100: இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும்

ஜப்பானின் கியோசெரா நிறுவனம் உருவாக்கி, அமெரிக்காவின் டான்டி நிறுவனம் 1983ஆம் ஆண்டு தன் ரேடியோ ஷாக் கடைகளில் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஆர்எஸ்-80 மாடல் 100, வரிக்கு 40 எழுத்துகளாக 8 வரிகளை மட்டுமே காட்டும் திரையும் முழு அளவு விசைப்பலகையும் கொண்ட கையடக்கக் கணினியாகும். நான்கு ஏஏ பேட்டரிகளில் ஏறத்தாழ 20 மணி நேரம் இயங்கிய இக்கருவியில், செய்தியாளர்கள் நிகழ்விடத்திலேயே செய்தியை எழுதி, உள்ளமைந்த மோடம் வழியாகத் தொலைபேசியில் அலுவலகத்துக்கு அனுப்பினர். பில் கேட்ஸ் பெருமளவு நிரலைத் தாமே எழுதிய கடைசி மைக்ரோசாப்ட் தயாரிப்பு இதில் அமைந்த மென்பொருளே. கருவியின் விசைப்பலகைக்காகவே இன்றும் இதில் எழுதுவோர் உள்ளனர்.

இக்கருவிக்குள் வட்டு எதுவும் இல்லை. எழுதப்படுபவை யாவும் 32 கிலோபைட்டுக்கு மிகாத நினைவகத்தில், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிற்கின்றன; ஏஏ பேட்டரிகள் தீர்ந்தபின் அவற்றைச் சில நாள்கள் காத்துவைப்பது உள்ளே பற்றவைக்கப்பட்ட சிறு நிக்கல்-காட்மியம் மின்கலமாகும். நாற்பதாண்டு முதிர்ச்சியில் அம்மின்கலமே கசிந்து சுற்றுப்பலகையை அரிக்கக்கூடும் என்பதால், உள்ளிருக்கும் எழுத்தை வெளியே எடுக்கும் வழியை அறிந்திருப்பது இக்கருவியை வைத்திருப்போருக்கு இன்றியமையாதது.

அந்த வழி, கருவியின் பின்புறமுள்ள 25 துளை இணைப்பானாகிய சீரியல் போர்ட். ஆர்எஸ்-232 எனும் தரநிலை 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு, 1969இல் 'சி' திருத்தம் பெற்றது. எழுத்தின் பிட்டுகளை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதும், எதிர்மின்னழுத்தத்தை 1 எனவும் நேர்மின்னழுத்தத்தை 0 எனவும் கொள்வதுமே அதன் அடிப்படை. இவ்வளவு எளிய உடன்பாடாக அமைந்ததாலேயே, தன்னைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிந்திய பல தரநிலைகள் மறைந்த பின்னும் அது புழக்கத்தில் உள்ளது.

சீரியல் போர்ட் இல்லாத இன்றைய மடிக்கணினிக்கு யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் தேவை. சிறு மின்னணுப் பலகைகளுக்கென விற்கப்படும் 3.3 அல்லது 5 வோல்ட் அடாப்டர்கள் தோற்றத்தில் ஒத்திருந்தாலும் ஆர்எஸ்-232 மின்னழுத்தத்துக்கு உரியவை அல்ல. அவற்றை நேரடியாக இணைத்தால் பழுதாகலாம். மேலும், இத்தரநிலை ஒரு முனையில் கணினியையும் மறுமுனையில் மோடத்தையும் எண்ணி வகுக்கப்பட்டது. இரு முனையிலும் கணினியே இருக்கும்போது இரண்டும் ஒரே கம்பியில் பேசி, ஒரே கம்பியில் காத்திருக்கும். எனவே ஒன்றின் அனுப்பும் கம்பி மற்றதன் பெறும் கம்பியோடு சேருமாறு மாற்றிக் கட்டிய 'நல் மோடம்' கேபிள் வேண்டும். மாடல் 100இன் 25 துளை இணைப்பானில் அனுப்புவது 2, பெறுவது 3, பொதுத் தரை 7. அடாப்டரின் 9 ஊசி இணைப்பானிலோ பெறுவது 2, அனுப்புவது 3, தரை 5. ஆகவே இவ்விரண்டுக்கிடையே 2ஐ 2உடனும், 3ஐ 3உடனும், 7ஐ 5உடனும் இணைப்பதே குறுக்குக் கட்டாகிவிடுகிறது. எண்களின் இந்த மாறாட்டத்தை அறியாததால் சரியான கேபிளையே தவறெனக் கருதி ஒதுக்குவது எளிதில் நேரக்கூடியது.

இணைத்தபின், டெல்காம் எனும் உள்ளமைந்த நிரலில் 'ஸ்டாட்' கட்டளைக்கு ஐந்து குறிகள் தரப்படுகின்றன. '8, 8, என், 1, இ' என்ற வரிசையில் முதல் 8 வேகத்தின் குறியெண்ணாகி நொடிக்கு 9600 பிட்டையும், அடுத்த 8 எழுத்துக்கு எட்டு பிட்டையும், 'என்' பிழை சரிபார்க்கும் பிட் இல்லை என்பதையும், 1 ஒற்றை முடிவு பிட்டையும் குறிக்கின்றன. மறுமுனையில் மினிகாம், டெரா டெர்ம் போன்ற நிரல்களிலும் இவையே அமைய வேண்டும். தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து எழுத்துக்குப் பத்து பிட் ஆவதால், 9600இல் கணக்கின்படி நொடிக்கு 960 எழுத்துகள் செல்லும்.

கடைசிக் குறியான 'இ' தனிக் கவனத்துக்குரியது. வரும் ஒவ்வோர் எழுத்தையும் திரையில் காட்டிக்கொண்டே பெறும் மாடல் 100, 9600 வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது. அப்போது 'நிறுத்து' என 19ஆம் எழுத்துக்குறியையும், 'தொடர்க' என 17ஆம் எழுத்துக்குறியையும் அனுப்பும் முறையை 'இ' இயக்குகிறது. ஆனால் யுஎஸ்பி அடாப்டர் தன் இடையகத்தில் எழுத்துகளைச் சேர்த்துவைப்பதால், கணினி நிறுத்திய பின்னும் சில எழுத்துகள் வழிந்து வந்து தொலைவதுண்டு. ஆகவே மாடல் 100க்குள் எழுத்தை ஏற்றும்போது வேகத்தை 1200க்கோ 600க்கோ குறைப்பதே நல்லது. வெளியே எடுக்கும்போது அவ்வளவு தயக்கம் தேவையில்லை.

வெளியே எடுக்க, மடிக்கணினியில் பதிவைத் தொடங்கி, டெல்காமில் 'அப்' விசையை அழுத்திக் கோப்பின் பெயரைத் தந்தால் போதும். வரி அகலம் கேட்கப்படும் இடத்தை வெறுமையாக விட்டால் பத்திகள் உடையாமல் வரும். பத்தி முடிவில் டெல்காம் 13ஆம் குறியை மட்டுமே அனுப்புவதாலும், லினக்ஸ் 10ஆம் குறியையே வரி முடிவாகக் கொள்வதாலும், வந்த கோப்பு முழுதும் ஒரே வரியாகத் தோன்றக்கூடும். 13ஐ 10ஆக மாற்றியதும் பத்திகள் பிரிந்துவிடும்.