உப்புக் காற்றில் மின்சாரக் கார்

ஏ-9 வீதியில் ஆனையிறவைக் கடக்கும் எந்தக் காரும் உப்புக் காற்றுக்குத் தப்பாது. பெற்றோல் காரில் சைலன்சர் துருப்பிடிக்கும். மின்சாரக் காரில் சைலன்சரே இல்லை; என்ஜின் ஒயில், பில்டர், பிளக் செலவும் இல்லை.

ஆனால் அதன் பிரேக்கைக் கவனியுங்கள். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் வண்டியை மெதுவாக்கி, அந்தச் சக்தியைப் பற்றரிக்கு அனுப்பிவிடும். பிரேக் தகடு அதிகம் உரசுவதில்லை. உரசாத இரும்பில் துரு ஏறும், அதுவும் உப்பளத்துக்குப் பக்கத்தில்! தேயவில்லையே என்று விட்டுவிடாமல், அவ்வப்போது கழற்றித் துப்புரவு செய்விப்பது நல்லது.

2015ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு நிறைய வந்த நிசான் லீஃப் காரில், பற்றரியைக் குளிர்விக்கத் திரவ ஓட்டம் கிடையாது. வன்னி வெயிலில் பற்றரி கெதியாகத் தளரும். பழைய லீஃப் வாங்குபவர்கள் ஓடிய கிலோமீற்றரோடு, மீட்டரின் வலது ஓரத்திலுள்ள 12 சிறு கட்டங்களையும் எண்ணிப் பாருங்கள். முதற் கட்டம் மறைந்திருந்தால், கொள்ளளவில் ஏறக்குறைய 15 சதவீதம் போய்விட்டது.

இன்னொன்று: மின்சாரக் காரிலும் சாதாரண 12 வோல்ட் பற்றரி ஒன்று உண்டு. அது இறங்கிவிட்டால், பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் புறப்படாது.