மணிக்கு ஒரு முறை

செயற்கைக் கருத்தரிப்புக்குத் தயாராகும் பெண், புராஸ்டேட் புற்றுநோய் வந்த பெரியவர், ஏழு வயதிலேயே பருவமடையத் தொடங்கிவிட்ட சிறுமி. இந்த மூவருக்கும் டாக்டர்கள் ஒரே வகை ஊசியை எழுதித் தருவதுண்டு. அது எப்படி என்பதற்கான விடை, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் இருக்கிறது. அங்கே ஆயிரத்துச் சொச்சம் நரம்பணுக்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது பக்கத்திலேயே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரு ஹார்மோன்களை வெளியே வரவைக்கிறது. அவை ரத்தத்தில் கலந்து, பெண்ணின் சினைப்பையையும் ஆணின் விந்தகத்தையும் இயக்குகின்றன.

இந்த ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனைப் பிரித்தெடுக்க அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஆண்டுக்கணக்கில் கடுமையாகப் போட்டி போட்டன. ரோஜர் கில்லமின் குழு செம்மறியாட்டு மூளையையும், ஆண்ட்ரூ ஷாலி குழு பன்றி மூளையையும் இறைச்சிக்கூடங்களிலிருந்து வாங்கிக் குவித்தன. ஷாலி குழுவுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைப்போதலாமஸ் தேவைப்பட்டது. கிடைத்ததோ இம்மியளவு. 1971-ல் அதன் கட்டமைப்பு தெரிந்தபோது, பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சங்கிலி அது. 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசு. ரத்தத்தில் துளியூண்டு ஹார்மோனையும் அளக்கும் முறையை உருவாக்கிய ரோசலின் யாலோவும் அந்தப் பரிசில் பங்குபெற்றார். அந்த அளவீடு இல்லாவிட்டால் அடுத்து வந்த கண்டுபிடிப்பு நடந்தே இருக்காது.

என்னைக் கேட்டால், அந்த அடுத்த கண்டுபிடிப்புதான் பெரியது. பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர், ஜி.என்.ஆர்.எச். சுரக்க முடியாதபடி செய்த ரீசஸ் குரங்குகளுக்கு அதை வெளியிலிருந்து கொடுத்தார்கள். இடைவிடாமல் சொட்டுச்சொட்டாக ஏற்றியபோது எல்.எச்., எஃப்.எஸ்.எச். அளவுகள் எழவில்லை, விழுந்தன. மணிக்கு ஒரு முறை, ஆறு நிமிடம் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தியபோது இரண்டும் எழுந்து நின்றன. 1978-ல் இந்த முடிவு வெளியானது. மருந்து ஒன்றுதான், கொடுத்த தாளம் வேறு. ஹார்மோன் என்றாலே ‘கூடுதலா, குறைவா’ என்று மட்டும் பார்த்துவந்த துறைக்கு, ‘எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை’ என்ற கேள்வியைக் கற்றுக்கொடுத்தவை அந்தக் குரங்குகள்தான்.

காரணம் பிட்யூட்டரி செல்களில் இருக்கிறது. விட்டுவிட்டு வந்தால் ஒவ்வொரு முறையும் பதில் தரும் செல்கள், ஓயாமல் வந்தால் தங்கள் ஏற்பிகளை உள்ளிழுத்துக்கொண்டு மரத்துப்போகின்றன. வேகத்துக்கும் பொருள் உண்டு: ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் இந்தத் துடிப்பு அடிக்கடி வந்தால் எல்.எச். மிகும், மெதுவாக வந்தால் எஃப்.எஸ்.எச். மிகும். பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பல பெண்களுக்கு எல்.எச். ஏறியிருப்பதற்கு இந்த வேகமான துடிப்பும் ஒரு காரணம்.

மனிதரிடம் இந்தத் துடிப்பை நேராக அளக்க வழியில்லை. ஜி.என்.ஆர்.எச். சில நிமிடங்களில் சிதைந்துவிடும், கை ரத்தக் குழாய்க்கு வந்து சேரும் அளவு மிகச் சொற்பம். அதனால் ஆய்வாளர்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, பல மணி நேரம் ரத்தம் எடுத்து எல்.எச். ஏறி இறங்குவதை எண்ணுகிறார்கள்.

முதலில் சொன்ன ஊசி இந்த மரத்துப்போதலைத்தான் பயன்படுத்துகிறது. லியூப்ரோலைடு போன்ற மருந்துகள், எளிதில் சிதையாதபடி மாற்றியமைத்த ஜி.என்.ஆர்.எச். வடிவங்கள். உடலில் அவை விடாமல் இருப்பதால் பிட்யூட்டரி அடங்கிவிடும். பெரியவருக்குப் புற்றை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் குறையும், சிறுமியின் பருவமடைதல் தள்ளிப்போகும், சிகிச்சையிலுள்ள பெண்ணுக்குக் கருமுட்டை நேரங்கெட்டு வெளிவராது. ஒன்றை மட்டும் தெரிந்துவைத்திருங்கள்: மரத்துப்போகும் முன் பிட்யூட்டரி ஒரு தடவை பொங்கும். முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறையாமல் ஏறும். புற்று முதுகெலும்புக்குப் பரவியவருக்கு அது ஆபத்து. அதனால்தான் டாக்டர் ஊசிக்கு முன்பே, அந்த ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார். அதை விட்டுவிடக் கூடாது.