பள்ளிக் கணினியும் கட்டற்ற மென்பொருளும்

உங்கள் ஊர்ப் பள்ளியில் கணினி இருக்கிறதா? கணினிப் பெட்டி தானாக வேலை செய்யாது. இன்னது செய், இப்படிச் செய் என்று அதற்குக் கட்டளைகள் வேண்டும். அந்தக் கட்டளைத் தொகுப்புக்கு மென்பொருள் என்று பெயர். கடிதம் எழுத ஒரு மென்பொருள், கணக்குப் போட ஒன்று, படம் வரைய ஒன்று. எல்லாவற்றையும் நடத்தி வைப்பது இயங்குதளம். அதுவும் ஒரு மென்பொருளே.

இரண்டு வகை

நம் வயலில் விளைந்த நெல்லில் கொஞ்சம் விதைக்கு எடுத்து வைக்கிறோம். பக்கத்து வயல்காரர் கேட்டால் கொடுக்கிறோம். வீரிய ஒட்டு விதை அப்படி அல்ல. ஒவ்வொரு முறையும் கடைக்குத்தான் போக வேண்டும்.

மென்பொருளிலும் இப்படி இரண்டு வகை உண்டு. விண்டோஸ் போன்றவை நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. அவற்றைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். அனுமதி இல்லாமல் நகல் எடுத்துக் கொடுத்தால் அது சட்டப்படி குற்றம்.

இன்னொரு வகை கட்டற்ற மென்பொருள். அதை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பெரும்பாலும் இது இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் இலவசம் என்பதைவிட, இந்த உரிமைதான் முக்கியம். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் இந்த முயற்சியைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை உருவாக்கினார்.

கேரளம் காட்டிய வழி

கேரள அரசு 2001-இல் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி ஏன் ஒரு நிறுவனத்தின் பொருளை மட்டும் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர்களும் ஆர்வலர்களும் கேட்டார்கள். மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களே மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு பாடமும் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. மலையாளத்திலேயே பிள்ளைகள் கணினியில் வேலை செய்தார்கள். 2019-இல் வெளியான புதிய பதிப்பு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு என்று அறிவிக்கப்பட்டது. இத்தனைக்கும் உரிமக் கட்டணம் இல்லை.

பள்ளியில் என்ன கேட்பார்கள்?

“அலுவலகங்களில் வேறு மென்பொருள் இருக்கிறதே, பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?” என்பார்கள். ஒரு சைக்கிளில் ஓட்டப் பழகியவர் எந்த சைக்கிளையும் ஓட்டுவார். தட்டச்சும் கணக்கு அட்டவணையும் அப்படித்தான்.

“பழைய கடிதங்கள் திறக்குமா?” என்பார்கள். லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருள் அவற்றைப் பெரும்பாலும் திறக்கும். சில இடங்களில் வரிகள் தள்ளிப் போகலாம், சரி செய்துகொள்ளலாம். அதில் தமிழிலும் எழுதலாம்.

“கணினி பழையதாயிற்றே” என்பார்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. எளிய லினக்ஸ் வகைகள் அவற்றில் ஓடும். மூலைக்குப் போக வேண்டிய கணினி பிள்ளைகளுக்குப் பயன்படும்.

நாம் செய்ய வேண்டியது

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே. பாதிப் பேர் பெண்கள். குழுக் கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்:

1. எத்தனை கணினிகள் ஓடுகின்றன? எத்தனை முடங்கிக் கிடக்கின்றன?
2. மென்பொருளுக்கு முறையான உரிமம் இருக்கிறதா? ஆன செலவு எவ்வளவு?
3. கட்டற்ற மென்பொருளுக்கு மாற ஆசிரியர்களுக்கு யார் பயிற்சி தருவார்கள்?

உடனே எல்லாவற்றையும் மாற்றச் சொல்ல வேண்டாம். ஒரு கணினியில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பழையதை அழிக்காமலே, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் வேலை செய்கிறதா, பாடநூலில் உள்ள பயிற்சிகளைச் செய்ய முடிகிறதா என்று ஆசிரியரே பார்க்கட்டும். நிலையாக மாற்றும் முன் பள்ளியின் பதிவுகளை வேறிடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். நன்றாக நடந்தால், குழுவில் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பள்ளியில் கற்ற மென்பொருளைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரலாம். தோழிக்கும் கொடுக்கலாம். அதில் குற்றம் இல்லை. கற்றதைப் பகிர்ந்துகொள்வதுதானே கல்வி!