பீட்டாமெத்தசோன் வேலரேட்டின் வேதி நிலைப்புத்தன்மைச் சோதனை

பீட்டாமெத்தசோன் வேலரேட்டு என்பது கரப்பான், சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்குப் பூசப்படும் ஒரு செயற்கை ஸ்டீராய்டு மருந்தாகும். கிரீம், களிம்பு ஆகிய வடிவங்களில் கிடைக்கிறது. 0.1 விழுக்காடு பீட்டாமெத்தசோனுக்கு ஈடாக 0.122 விழுக்காடு வேலரேட்டு இவற்றில் பொதுவாகச் சேர்க்கப்படுகிறது. இம்மருந்து எவ்வளவு காலம் வேதிமாற்றம் அடையாமல் இருக்கும் என்பதை நிலைப்புத்தன்மைச் சோதனை கண்டறிகிறது.

மருந்தில் நிகழும் மாற்றம்

இம்மூலக்கூறில் வேலரேட்டுத் தொகுதி 17ஆம் கார்பனில் உள்ள ஆக்சிஜனுடன் எஸ்டராக இணைந்துள்ளது. அருகிலுள்ள 21ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உள்ளது. நாளடைவில் வேலரேட்டுத் தொகுதி 17ஆம் இடத்திலிருந்து 21ஆம் இடத்திற்கு நகர்கிறது. இவ்வாறு உண்டாகும் 21-வேலரேட்டு, பின்னர் நீராற்பகுப்படைந்து பீட்டாமெத்தசோனாக மாறுகிறது. தோலின் மீது இவ்விரண்டின் செயல்திறனும் 17-வேலரேட்டைவிட மிகக் குறைவு. காரத்தன்மை கூடினாலும் வெப்பம் கூடினாலும் இம்மாற்றம் விரைவாக நடக்கும்.

கண்டறிவதில் உள்ள சிக்கல்

17-வேலரேட்டும் 21-வேலரேட்டும் மாற்றியங்கள். இரண்டின் மூலக்கூறு நிறையும் ஒன்றே. மூன்று சேர்மங்களும் ஏறத்தாழ 240 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகின்றன. எனவே உறிஞ்சும் அளவை மட்டும் பார்த்தால், திறன் இழந்த மருந்தும் முழு அளவில் இருப்பதாகவே தோன்றும். இதனால் உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை முறையில் மூன்றையும் தனித்தனியே பிரித்து அளவிடுகின்றனர்.

சோதனையின் படிநிலைகள்

* கட்டாயச் சிதைவு: மருந்தை அமிலம், காரம், ஹைட்ரஜன் பெராக்சைடு, வெப்பம், ஒளி ஆகியவற்றுக்கு உட்படுத்துதல். உண்டாகும் சிதைவுப் பொருள்கள் அனைத்தையும் பகுப்பாய்வு முறை பிரித்துக் காட்டுகிறதா என்பது இதில் தெரியவரும்.
* விரைவுச் சோதனை: 40 பாகை செல்சியஸ், 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் 6 மாதங்கள் வைத்தல்.
* நீண்டகாலச் சோதனை: 25 பாகை செல்சியஸ், 60 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தல். வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளுக்கு 30 பாகை, 75 விழுக்காடு. முதல் ஆண்டில் 3 மாதங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து ஆராயப்படும்.

விரைவுச் சோதனையில் மருந்தின் அளவு தொடக்க அளவிலிருந்து 5 விழுக்காடு மாறினால், அது குறிப்பிடத்தக்க மாற்றமாகக் கொள்ளப்படும்.

முக்கியத்துவம்

காலாவதி நாள் இச்சோதனைகளின் அடிப்படையிலேயே குறிக்கப்படுகிறது. குழாயில் உள்ள அதே அடிப்பொருளுக்கும், உறையில் குறிப்பிட்ட சேமிப்பு வெப்பநிலைக்கும் மட்டுமே அந்நாள் பொருந்தும். வீரியத்தைக் குறைப்பதற்காகக் காரத்தன்மையுள்ள வேறொரு கிரீமுடன் இதைக் கலந்தால், வேலரேட்டுத் தொகுதியின் நகர்வு விரைவுபடும். நிறமோ மணமோ மாறாததால், மருந்து வலுவிழந்ததை நோயாளி அறிய முடியாது.