மிதித்தெழும் தாளம்

எந்த வகையிலும் அடங்காத கலப்பிசைத் தொகுப்புகளை இன்று வியந்து கேட்கும் ரசிகர்கள் அந்தமான் தீவுகளின் பழங்குடியினரான பெரிய அந்தமானியரின் சங்கீதத்தையும் அறிந்துகொள்வது அவசியம். கேடய வடிவில் மரத்தில் செதுக்கிய பலகையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, ஒரு காலால் அழுத்திக்கொண்டு பாடகன் மறுகாலால் மிதிக்க, அவ்வதிர்வின்மேல் அவன் குரல் மிகச் சில ஸ்வரங்களுக்குள்ளேயே சஞ்சரிக்க, கால்நீட்டி அமர்ந்த பெண்கள் தொடைமேல் கைதட்டிப் பல்லவியைத் திரும்பப் பாடுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி 1888-இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் சஞ்சிகையில் இதைப்பற்றி எழுதினார். 1922-இல் வெளியான மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌனின் நூல் கூறும் செய்தியே என்னைப் பெரிதும் கவர்கிறது: பிறர் இயற்றியதை நடனத்தில் பாடாமல், ஒவ்வொருவனும் வேட்டையையோ தோணி குடைவதையோ பொருளாகக் கொண்டு தன் பாட்டைத் தானே கட்டினான்.