எவ்வளவு நீர் எடுப்பது?

ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் பெரிய வைத்தியம் என்றால் அன்றும் இன்றும் வேலூர்தான். அங்கே சி.எம்.சி. மருத்துவமனை 1960களின் தொடக்கத்திலேயே டயாலிசிஸ் செய்தது. 1971இல் சிறுநீரக மாற்று அறுவையும் செய்தது.

அந்தக் காலத்து டயாலிசிஸ் இயந்திரம் உடம்பிலிருந்து எவ்வளவு நீரை இழுக்கிறது என்று தானாக அளக்காது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, நோயாளியை எடை போட்டுத்தான் அறிய வேண்டும். கணக்குத் தப்பினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கிவிடுவார். இன்று திரையில் 3 லிட்டர் என்று பதிந்தால், நான்கு மணி நேரத்தில் பிசகாமல் எடுத்துவிடும்.

மூன்றா, இரண்டா என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்குத்தான் ‘டிரை வெயிட்’, அதாவது மிகுநீர் இல்லாத எடை. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் நீர். இந்தக் கணக்கு ஏமாற்றும் இடமும் உண்டு. பசியே இல்லாதவருக்குச் சதை கரையும். அந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். எடை மெஷின் அதே 52 கிலோவைத்தான் காட்டும். படுத்தால் மூச்சு முட்டும். நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறியவரைப் பழைய எடைக்கே இறக்கினாலோ, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், வீடு திரும்பியும் அசதி தீராது. இப்போது நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார்கள். மெல்லிய மின்னோட்டம் செலுத்தி உடல்நீரை அளக்கும் கருவியும் வந்திருக்கிறது. உதவிதான். ஆனாலும் கணுக்காலை அழுத்திப் பார்த்து, “ராத்திரி எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கிறீங்க?” என்று கேட்பதை எந்தக் கருவிக்காகவும் விடக் கூடாது என்பேன்.

உப்பு பச்சைத் தோலிலிருந்து நீரை இழுப்பது, தோல் பதனிடும் இந்த வட்டாரத்துக்குத் தெரியும். உடம்புக்குள்ளோ, அது நீரைப் பிடித்து வைக்கும்: ஏறக்குறைய 8 கிராம் உப்புக்கு ஒரு லிட்டர். கருவாட்டையும் ஊறுகாயையும் தட்டில் வைத்துவிட்டு, வேலூர் வெயிலில் “தண்ணி குடிக்காதே” என்று அதட்டுவது கொடுமை. உப்பு குறைந்தால் தாகமும் குறையும்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வடிக்கும் வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. உள்ளே விட்டது இரண்டு லிட்டர், வடிந்தது இரண்டே கால் என்றால், கால் லிட்டர் நீர் கழிந்திருக்கிறது. இதையும் காலை எடையையும் வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதலாம். அடுத்த முறை டாக்டர் முதலில் கேட்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.